குவாலிஸ் இன்ஜின் ஏற்றிய பழைய ஜீப்: காரைக்குடிப் பக்கத்து நிகழ்வு ஒன்று

வண்டியும் அதன் வேலையும்

காரைக்குடியிலிருந்து கல்லல் போகும் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். தென்னை, கொஞ்சம் முந்திரி, மீதி நிலத்தில் தைல மரம். அவரிடம் 1990களின் நடுவில் பதிவான மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் இருக்கிறது. தகப்பனார் வாங்கியது, பிறகு மகன் பேருக்கு மாறியது. வேறு கை படாத வண்டி.

தோட்டம் இரண்டு துண்டு. நடுவே ஊராட்சித் தார் ரோடு. அதைத் தாண்டினால் கண்மாய்க் கரை. கரையில் ஏறி மறுபக்கம் இறங்கினால்தான் இரண்டாவது துண்டுக்குப் போக முடியும். ஏற்றம் நீளமில்லை, ஆனால் செங்குத்து. வெயில் காலத்தில் செம்மண் புழுதி. ஐப்பசி, கார்த்திகையில் அதே மண் சோப்புக் கட்டி. உர மூட்டை, மோட்டார், பைப், காய் ஏற்றிய சின்ன டிரெய்லர் எல்லாம் இந்த வழியாகத்தான் போக வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் காய் ஏற்றிய டிரெய்லரோடு கரையின் பாதியில் ஜீப் நின்றுவிட்டது. கிளட்ச் கருகி வாடை வந்தது. டிராக்டர் கூப்பிட்டு இழுத்தார்கள். 'வண்டிக்கு இழுவை போதாது, பெரிய இன்ஜின் போட வேண்டும்' என்ற பேச்சு அன்றைக்குத்தான் தொடங்கியது.

வண்டியில் இருந்தது கம்பெனி போட்ட பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின். 90 மி.மீ. போர், 83 மி.மீ. ஸ்ட்ரோக், 2112 சி.சி., 62 குதிரைத்திறன், இழுவிசை 120 நியூட்டன் மீட்டரை ஒட்டி. நான்கு கியர் பெட்டி, அதன் பின்னால் இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டானா 18 டிரான்ஸ்ஃபர் கேஸ். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இரண்டு வருடத்துக்கு முன் உரிமையாளரின் மருமகன் ஆசைப்பட்டு, 6.00-16 டயரைக் கழற்றி 15 அங்குல ரிம்மில் 31 அங்குல டயர் மாட்டியிருந்தார். பின்னால் வரும் கணக்குக்கு இது தேவைப்படும்.

இன்ஜின் மாறிய விதம்

முதலில் பேசப்பட்டது ஸ்கார்பியோவின் 2.6 லிட்டர் சி.ஆர்.டி.இ. இன்ஜின். 115 குதிரைத்திறன் என்றதும் மருமகனுக்குக் கண் விரிந்தது. ஆனால் அதற்கு இ.சி.எம். என்ற இன்ஜின் கம்ப்யூட்டர், ஒயரிங், சென்சார் எல்லாம் கூடவே வர வேண்டும். பழைய கியர் பெட்டியும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அந்த இழுவிசைக்குச் செய்யப்பட்டவை அல்ல. அதைக் கைவிட்டது நல்ல முடிவு.

அடுத்துப் பார்த்தது டொயோட்டா குவாலிஸில் வந்த 2எல் இன்ஜின். 92 மி.மீ. போர், 92 மி.மீ. ஸ்ட்ரோக், 2446 சி.சி., சுமார் 75 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இழுவிசை. கம்ப்யூட்டர் கிடையாது. மெக்கானிக்கல் பம்ப், டீசலும் பேட்டரியும் இருந்தால் ஓடும். பழைய ஜீப்புக்கு இன்ஜின் தேடுகிறவர்கள் இதைக் கேட்பதில் நியாயம் உண்டு.

பழைய உதிரிப் பாகச் சந்தையான சென்னை புதுப்பேட்டையிலிருந்து ஒருவர் மூலம் இன்ஜின் வந்தது. பில் என்று கொடுத்தது கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று. 'குவாலிஸ் டீசல் இன்ஜின் – 1' என்று எழுதி, தொகை போட்டு, கையெழுத்து. எந்த வண்டியிலிருந்து இறங்கியது, அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தானதா என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. இன்ஜின் நம்பரைக்கூடத் தாளில் குறிக்கவில்லை.

தை மாதம் உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் வேலை நடந்தது. டொயோட்டா இன்ஜினையும் ஜீப் கியர் பெட்டியையும் இணைக்க லேத்தில் ஓர் அடாப்டர் பிளேட் கடைந்தார்கள். மவுண்டிங்கை வெட்டி ஒட்டினார்கள். பழைய இன்ஜினை எடைக்குப் போட இருந்தபோது உரிமையாளரின் தாயார், வீட்டில் எல்லோருக்கும் ஆச்சி, தடுத்துவிட்டார்: "உங்க அப்பச்சி வாங்குனது. இரும்புக் கடைக்குப் போடாதே, கொட்டகையில கிடக்கட்டும்." பம்ப், டீசலைத் தூவும் நாசில், ஸ்டார்ட்டரோடு அது வண்டிக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் போனது. இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான். எடுத்தவர் ஜீப்பைப் பற்றி யோசித்து எடுக்கவில்லை.

எங்களிடம் வந்தபோது

சித்திரை கடைசியில் வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. புகார் மூன்று: கிளட்ச் எடுக்கும்போது வண்டி உதறுகிறது, கியர் பெட்டிப் பக்கம் முனகல், 'சில சமயம்' சூடாகிறது. ஆச்சியிடமிருந்து நான்காவது புகார் ஒன்றும் சேர்ந்து வந்தது. முகப்பில் நிறுத்தினால் ஆத்தங்குடிக் கல் முழுக்க ஆயில் சொட்டு.

சூட்டிலிருந்து தொடங்கினோம். டாஷ்போர்டில் முள் சரிபாதியில் நின்றது. பார்த்தால் வண்டி நிம்மதியாக இருக்கிறது என்றுதான் தோன்றும். பட்டறை வாசலில் ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருப்பது போன்ற அகச்சிவப்பு வெப்பமானியை தெர்மோஸ்டாட் கூட்டின்மேல் பிடித்தபோது 106 டிகிரி காட்டியது. முள் அசையவில்லை. மீட்டர் மஹிந்திராவுடையது, இன்ஜின் பிளாக்கில் இருந்த சென்சார் டொயோட்டாவுடையது. இந்த இரண்டும் ஜோடியாகத்தான் வேலை செய்யும். ஒரே சூட்டுக்கு இரண்டு கம்பெனி சென்சாரும் வேறு வேறு மின்தடை கொடுக்கும். ஒயர் மாட்டினதும் முள் அசைந்தது, அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று விட்டிருக்கிறார்கள். அதாவது இத்தனை மாதமும் டிரைவர் பொய் சொல்லும் மீட்டரைப் பார்த்து ஓட்டியிருக்கிறார்.

சூட்டுக்குக் காரணம் ஒன்றல்ல. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் முன் அச்சில் இடிக்காமல் இருக்க முன் மவுண்டிங்கில் வாஷர் அடுக்கி ஏறக்குறைய மூன்று செ.மீ. தூக்கியிருந்தார்கள். அதனால் ஃபேனின் மேல் விளிம்பு ரேடியேட்டரைத் தாண்டி நின்று வெறும் காற்றை அடித்தது. ஃபேனைச் சுற்றிய கூண்டு பொருந்தவில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டார்கள். ரேடியேட்டர் பழையது. டிரெயின் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. கம்பி விட்டுக் குத்தியபோது வெள்ளைச் சுண்ணாம்புச் சில்லுகள் முதலில் விழுந்தன, பிறகுதான் செந்நிறத் தண்ணீர். போர் தண்ணீரையே வருடக்கணக்காக ஊற்றியிருக்கிறார்கள். சாலையில் 60 கி.மீ. வேகத்தில் காற்றே குளிர்வித்துவிடும். கண்மாய்க் கரையில் முதல் கியரில் உறுமும்போது ஃபேன் மட்டும்தான் கதி. இந்த வகை டீசல் ஹெட் நன்றாகச் சூடேறினால் வால்வுகளுக்கு நடுவே விரிசல் விடக்கூடியது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். விரிசல் இல்லை. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கிளட்ச் உதறலுக்குக் காரணம் அடாப்டர் பிளேட். ஃபிளைவீலில் டயல் கேஜை (முள் வைத்த நுண்ணளவுக் கருவி) பொருத்தி, கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் நடுத்துளையைச் சுற்றி அளந்தபோது முள்ளின் மொத்த ஓட்டம் 0.8 மி.மீ. அப்படியானால் கிராங்கின் மையமும் கியர் பெட்டி ஷாஃப்ட்டின் மையமும் 0.4 மி.மீ. விலகி நிற்கின்றன. 0.1 மி.மீ.க்குள் இருந்தால்தான் நிம்மதி. கியர் பெட்டி ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் நீலம் பாரித்து, அதன் கூண்டு உடைந்து கிடந்தது. முனகல் அங்கிருந்துதான். கடைந்த கை மோசமில்லை, பிளேட்டின் முகம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பாகத்தையும் நகராமல் ஒரே மையத்தில் நிறுத்தும் டவல் பின் இல்லாமல், போல்ட்டு ஓட்டைகளை நம்பியே உட்கார வைத்திருந்தார்கள். போல்ட்டு இறுக்கிப் பிடிக்கும், மையத்துக்கு அது பொறுப்பேற்காது.

ஆல்டர்னேட்டரிலும் சத்தம். இந்த டொயோட்டா ஆல்டர்னேட்டரின் முதுகில் பிரேக் பூஸ்டருக்கான வேக்கம் பம்ப் சேர்ந்தே வரும். அதற்கு இன்ஜினிலிருந்து ஆயில் லைன் போகிறது. ஜீப்பில் பூஸ்டர் இல்லை, ஆகவே பம்ப் வேண்டாம் என்று ஆயில் லைனை போல்ட்டு போட்டு அடைத்துவிட்டார்கள். பம்ப் வேலை செய்யாவிட்டாலும் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து சுற்றத்தான் செய்யும். ஆயிலில்லாமல் சுற்றி உள்ளிருந்த இறக்கைகள் தேய்ந்து போயிருந்தன. ஆச்சியின் ஆயில் சொட்டும் அந்த அடைப்பின் அருகிலிருந்துதான்.

சம்ப்பின் முன் முனையில் கட்டைவிரல் ஆழத்துக்கு ஒரு நசுங்கல். அத்தனை தூக்கியும் பள்ளத்தில் இறங்கும்போது அச்சு தொட்டிருக்கிறது. முன் இடது சக்கர சிலிண்டரில் பிரேக் ஆயில் கசிவு. முன்பு 75 கி.மீ.யில் ஓடிய வண்டி இப்போது புதுக்கோட்டை ரோட்டில் 95 போகிறது என்று மருமகன் பெருமையாகச் சொன்னார். அந்த வேகத்தில் நிறுத்துவதற்கு டிரம் 60 சதவீதம் கூடுதல் சூட்டை வாங்க வேண்டும். டிரம் பழையதேதான்.

ஆனால் என்னை உட்கார வைத்தது இவை எதுவும் இல்லை. ஓட்டிப் பார்க்க எடுத்துப் போனபோது டிரான்ஸ்ஃபர் கேஸ் லிவரைப் பிடித்து '4 லோ'வுக்கு, அதாவது நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலைக்குத் தள்ளினேன். அசையவில்லை. டிரைவரிடம் கேட்டேன். "அது டம்மிங்க அண்ணே. நான் வந்ததிலேர்ந்து அப்படித்தான் இருக்கு" என்றார். அவர் அங்கு வேலைக்குச் சேர்ந்து பல வருடம். கீழே படுத்துப் பார்த்தால், லிவரின் கம்பியும் அது நுழையும் தண்டும் செம்மண்ணும் துருவும் சேர்ந்து ஒரே கட்டி. பழைய இன்ஜின் இருந்த காலத்திலும் இந்த ஜீப் கரையை உயர் கியரிலேயே, பின் சக்கரங்களை மட்டும் நம்பி ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு சின்னக் கணக்கு

உரிமையாளரை உட்கார வைத்துத் தாளில் போட்டுக் காட்டியது இது.

இன்ஜின் மாற்றத்தால் இழுவிசை 120லிருந்து 150க்குப் போயிற்று: 25 சதவீதம் கூடுதல். 6.00-16 டயரின் உயரம் ஏறத்தாழ 73 செ.மீ.; 31 அங்குல டயர் ஏறத்தாழ 79. டயர் 8 சதவீதம் பெரிதானால் தரையில் கிடைக்கும் தள்ளு அந்த அளவுக்குக் குறையும். ஆக, கம்பெனி விட்டபடி இருந்த வண்டியோடு ஒப்பிட்டால் நிகர லாபம் 16 சதவீதத்தை ஒட்டித்தான். பெரிய டயர் மாட்டியதால் போனதை மீட்கவே புது இன்ஜினின் மூன்றில் ஒரு பங்கு செலவாகிவிட்டது.

டானா 18-இன் லோ விகிதம் ஏறக்குறைய 2.46. லிவரை விடுவித்தால் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை இரண்டரை மடங்கு. அதுவும் நான்கு சக்கரத்துக்கும். 16 சதவீதத்துக்கு ஆன செலவு இரண்டு லட்சத்துக்கு மேல். 146 சதவீதம் வண்டிக்கு அடியிலேயே துருப்பிடித்துக் கிடந்தது.

வேகம் வேண்டும், நெடுஞ்சாலையில் லாரியை முந்த வேண்டும் என்றால் லோ கியர் உதவாது, பெரிய இன்ஜின்தான் உதவும். அதை மறுக்கவில்லை. ஆனால் வண்டி நின்றது நெடுஞ்சாலையில் இல்லை, கண்மாய்க் கரையில்.

முதல் முடிவு: இருப்பதைச் சரிசெய்வது

இன்ஜினை இறக்குவதா, இருப்பதைச் செம்மைப்படுத்துவதா என்ற கேள்வி வந்தது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தோம். நான்கு சிலிண்டரும் 29, 30 கிலோவில் ஒரே மாதிரி நின்றன. நல்ல இன்ஜின். போட்ட காசு போட்டாயிற்று, வேலையைச் சுத்தமாக முடித்துக் கொடுங்கள் என்றார் உரிமையாளர். எஸ்டிமேட்டில், பேப்பருக்கு எங்கள் பொறுப்பு இல்லை, இன்ஜின் மாற்றத்துக்கு முன் அனுமதி வாங்கியதாகத் தெரியவில்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினோம். "அதெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்குவார்" என்றார்.

அடாப்டர் பிளேட்டைப் புதிதாகக் கடையாமல், டயல் கேஜ் வைத்து நகர்த்தி நகர்த்தி 0.08 மி.மீ.க்குக் கொண்டுவந்து, அந்த இடத்திலேயே இரண்டு டவல் பின் இறக்கினோம். இதற்கு ஆன நேரத்தில் வேறு இரண்டு வண்டியின் கிளட்ச் மாற்றியிருக்கலாம். பைலட் பேரிங், கிளட்ச் டிஸ்க் புதிது. முன் மவுண்டிங்கை மறுபடி வெட்டி இன்ஜினை இறக்கி, சம்ப்பின் முன் பகுதியை அறுத்து வேறு வடிவில் வெல்டு வைத்து, அச்சுக்கு மேல் ரப்பர் தடுப்புப் போட்டோம். ரேடியேட்டருக்கு மூன்று வரிசைக் கோர், ஃபேனுக்குத் தகட்டில் கூண்டு, தண்ணீருக்குப் பதில் கூலன்ட். மஹிந்திரா சென்சாரை டொயோட்டா ஹெட்டில் ஏற்ற ஒரு பித்தளை புஷ். வேக்கம் பம்ப்பை மாற்றி ஆயில் லைனைத் திறந்தோம். நான்கு சக்கர சிலிண்டரும் ஷூவும் புதிது.

டிரான்ஸ்ஃபர் கேஸ் லிவருக்கு டீசலும் கிரீஸும் பொறுமையும் மட்டும் போதுமானதாக இருந்தது. பில்லில் அதற்குப் போட்டது லேபர் மட்டும்.

ஓடிய காலம்

வைகாசி முதல் ஆவணி வரை வண்டி நன்றாகவே ஓடியது. வெயிலில் டிரெய்லரோடு கரையேறியபோது சூடு 92 டிகிரியைத் தாண்டவில்லை. உதறல் இல்லை, முனகல் இல்லை, முகப்பில் சொட்டு இல்லை. 4 லோவில் முதல் கியர் போட்டுக் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டால், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே கரை மேல் ஏறியது. டிரைவர் அதை இரண்டு தடவை செய்து காட்டச் சொன்னார்.

ஆர்.சி. புதுப்பிப்பு

சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. முதலில் 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஐந்தாண்டு புரட்டாசியில் முடிகிறது. வண்டியை நேரில் காட்ட வேண்டும், பிரேக் இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் புக்கோடு ஒப்பிடுவார். புக்கில் இருப்பது பியூஜோ இன்ஜினின் நம்பரும் 2112 சி.சி.யும்.

ஏஜென்ட் சொன்ன வழி: புது பிளாக்கில் இருக்கும் நம்பரை கிரைண்டரில் தேய்த்துவிட்டுப் பழைய நம்பரைக் குத்திவிடலாம், ஆள் இருக்கிறது. வேலை எங்கள் பட்டறையில்தான் நடக்க வேண்டும் என்றும் சொன்னார். மறுத்துவிட்டோம். அது மோசடி, பிடிபட்டால் ஜீப் மட்டும் போகாது. போதாக்குறைக்கு, எந்த வண்டியிலிருந்து இறங்கியது என்றே தெரியாத இன்ஜின். அது திருட்டு வண்டியுடையதாக இருந்தால், நம்பரைத் தேய்த்த கை எங்களுடையதாக இருக்கும். உரிமையாளரும் இதைக் கேட்டதும் பின்வாங்கினார். அந்த மட்டுக்கு நல்ல மனிதர்.

நேர்வழியில் எழுத்து மூலம் விண்ணப்பித்தார். கிடைத்த பதில் 'முடியாது'. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதிசெய்தது. அதற்குப் பிறகு கன அளவு மாறும் இன்ஜினுக்கு அலுவலகங்கள் அசைவதில்லை. அதே மாடல் இன்ஜினை உரிய பில்லோடு, முன்கூட்டி அனுமதி கேட்டு மாற்றுவது வேறு விஷயம். இங்கே மாடலும் வேறு, கம்பெனியும் வேறு, பில்லும் இல்லை. அதோடு 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

"நான் தோட்டத்துக்குள்ளதானே ஓட்டப் போறேன். ஆர்.சி. இல்லாட்டி என்ன?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வேலி போட்ட சொந்த நிலத்துக்குள் மட்டும் ஓடும் வண்டி என்றால் நிலைமை வேறு. ஆனால் அவருடைய இரண்டு துண்டுக்கும் நடுவே ஊராட்சி ரோடு இருக்கிறது. கண்மாய்க் கரை அவருடையதல்ல, ஊருக்குப் பொது. பொதுமக்கள் நடமாட உரிமையுள்ள எந்த வழியும் சட்டத்தின் கண்ணில் பொது இடம்தான். அந்த ரோட்டைக் குறுக்கே கடக்கும் பத்து நொடியில் ஒரு பைக்காரர் வந்து மோதினால், பதிவு இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடலாம், அல்லது பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கலாம். இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஆச்சியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்துபோனார்.

இரண்டாவது முடிவு: பழைய இன்ஜின் திரும்புவது

கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்த எக்ஸ்.டி.பி. இன்ஜினின் நம்பர் புக்கில் உள்ளபடியே இருந்தது. அதை ஏற்றிவிட்டால் வண்டி தன் ஆர்.சி.க்குத் திரும்பிவிடும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதுதான் தீர்மானமாயிற்று.

பிரித்துப் பார்த்தபோது இன்ஜினின் உண்மை நிலையும் தெரிந்தது. மூன்று சிலிண்டரில் தேய்மானம் வயதுக்கு ஏற்றபடி. நான்காவதில் ரிங் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு உடைந்திருந்தது. ஏர் கிளீனரின் ஆயில் கிண்ணத்தில் ஆயிலுக்குப் பதில் செம்மண் குழம்பு. புழுதி உள்ளே போய் மூன்று வருடமாவது ஆகியிருக்கும். இரண்டு நாசில் தூவாமல் ஒழுகின. வண்டி கரையில் நின்ற காலத்தில் இந்த இன்ஜின் 62 குதிரைத்திறன் கொடுத்திருக்க வழியே இல்லை. சின்ன இன்ஜின் என்று பழி சுமந்தது உண்மையில் நோய்ப்பட்ட இன்ஜின்.

போர் வேலை, பிஸ்டன், ரிங், பேரிங், கிராங்க் கிரைண்டிங், வால்வு வேலை எல்லாம் காரைக்குடியிலும் மதுரையிலுமாக முடிந்தது. டீசல் பம்ப்பையும் நாசிலையும் மதுரையில் டெஸ்ட் பெஞ்சில் வைத்துச் சரிசெய்தோம். புதிதாகப் போட்ட ரேடியேட்டர் கோர், கூண்டு, பிரேக் வேலை அப்படியே பயன்பட்டன. மவுண்டிங்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர சேஸிஸில் இருந்த வெட்டு, ஒட்டுகளைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அதுதான் எரிச்சலான வேலை. 31 அங்குல டயரைக் கழற்றி, கொட்டகையில் கிடந்த 16 அங்குல ரிம்மில் முரட்டுப் பூப்போட்ட 6.00-16 மாட்டினோம். வழுக்கும் செம்மண்ணில் ஒல்லி டயர் மேல்பூச்சைக் கிழித்துக்கொண்டு அடி மண்ணைப் பிடிக்கும். அகல டயர் மேலேயே மிதக்கும். மருமகன் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. பார்வைக்கு வண்டி எலி மாதிரி ஆகிவிட்டது என்றார்.

பிறகு நடந்தது

வண்டி நேரில் காட்டப்பட்டு, நம்பர்கள் ஒத்துப்போய், ஆர்.சி. ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. ஐப்பசி மழையில் டிரெய்லரோடு கரையேறுகிறது. 4 லோவில்தான் ஏறுகிறது, மெதுவாகத்தான் ஏறுகிறது, நிற்பதில்லை. டிரைவர் இப்போது வாரம் ஒருமுறை அந்த லிவரை முன்னும் பின்னும் போட்டு எடுக்கிறார். ஏர் கிளீனர் கிண்ணத்தை மாதம் ஒருமுறை திறக்கச் சொல்லியிருக்கிறோம், திறக்கிறாரா என்பது அடுத்த சர்வீஸில் தெரியும்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. கொடைக்கானல் மலை ரோட்டில் குடும்பத்தோடு போனால் பல இடத்தில் இரண்டாவது கியர்தான். பின்னால் வரும் பஸ் ஹார்ன் அடிக்கும். அந்த இடத்தில் டொயோட்டா இன்ஜின் இருந்திருந்தால் சுகமாகத்தான் போயிருக்கும், உரிமையாளர் இதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரியர் ஆயில் சீலில் லேசான ஈரமும் இருக்கிறது. வண்டி இப்போது முகப்பில் நிற்பதில்லை.

2எல் இன்ஜின் இரும்பு ஸ்டாண்டில் அதே கொட்டகையில் இருக்கிறது. வாங்கக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் முதலில் பில்லைக் கேட்டார்கள். நோட்டுத் தாளைப் பார்த்ததும் பாதி விலைக்கும் கீழே போனார்கள். விற்கவில்லை.

மறுபடி செய்வதாக இருந்தால்

எந்த ஸ்பேனரும் எடுக்கும் முன் வண்டியின் குறையை அளந்திருக்க வேண்டும். கம்ப்ரஷன், நாசில், ஏர் கிளீனர், லிவர், டயர் அளவு: ஒரு பகல் வேலை. இந்த ஜீப்புக்கு அந்தப் பகல் கிடைத்திருந்தால் டொயோட்டா இன்ஜின் புதுப்பேட்டையிலேயே இருந்திருக்கும்.

அளந்த பிறகும் பெரிய இன்ஜின்தான் வேண்டும் என்றால், அடுத்த படி ஆர்.டி.ஓ. அலுவலகம். விண்ணப்பம் எழுத்தில், பதிலும் எழுத்தில். வாய்மொழியாக 'பார்த்துக்கலாம்' என்பது ஐந்தாண்டு கழித்துப் புதுப்பிப்பு நாளில் உதவாது. இன்ஜினுக்கு முன்பணம் அதற்குப் பிறகுதான். இன்ஜின் வாங்கும்போது நம்பர் குறித்த பில்லும், அது இறங்கிய வண்டியின் ஆர்.சி. ரத்தான நகலும் கையில் வர வேண்டும்; தராத கடையில் வாங்கக் கூடாது, விலை எவ்வளவு குறைந்தாலும்.

முழுக்கத் தனியார் நிலத்துக்குள், வேலிக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு இப்படி இன்ஜின் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த நிகழ்விலிருந்து உதவக்கூடியது வேலை வரிசை: மையம் டயல் கேஜில் பார்த்த பிறகே டவல் பின், டவல் பின்னுக்குப் பிறகே போல்ட்டு. ஃபேன் ரேடியேட்டரின் நடுவில் நிற்கும்படி மவுண்டிங், கூண்டு கட்டாயம். மீட்டரும் சென்சாரும் ஒரே கம்பெனி, அல்லது தனி மீட்டர். வேண்டாத பம்ப்புக்கும் ஆயில். இழுவையைக் கூட்டும் முன் பிரேக்.

எங்கள் பட்டறையில் இன்ஜின் மாற்றம் கேட்டு வருகிறவர்களிடம் இப்போது எஸ்டிமேட் போடுவதற்கு முன் ஆர்.சி. நகலும், வண்டி எந்தெந்த வழியில் ஓடும் என்பதும் கேட்கிறோம். சிலர் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போகிறார்கள். கழற்றிய பழைய இன்ஜினை, உரிமையாளர் வேண்டாம் என்றாலும், நம்பர் தெரியும்படி போட்டோ எடுத்து, எண்ணெய் பூசி, வாய்களை அடைத்து அவர் வீட்டுக்கே அனுப்பி வைக்கிறோம்.